சாஸ்திரியா, வாத்தியாரா, வாத்தியார் வீட்டம்மாவா? ராமேஸ்வரத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள்

பாம்பன் வாசி எழுதியது:

கலாம் ஐயா தன் பிள்ளைப் பிராயத்தைப் பற்றிச் சொன்னவற்றில் இரண்டு சம்பவங்கள் என் மனதில் அப்படியே நிற்கின்றன. பலருக்கும் தெரிந்தவைதான். ஆனாலும் பேச வசதியாக இருக்கட்டும் என்று முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஒன்று பள்ளிக்கூடத்தில் நடந்தது. கலாம் அப்போது ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. தலையில் தொப்பி. பக்கத்தில் பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரி. இருவரும் எப்போதும் முதல் வரிசையில் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. அர்ச்சகர் மகன் பக்கத்தில் முஸ்லிம் பையனா என்று கலாமை எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார். நண்பன் எழுந்து போவதைப் பார்த்து ராமநாதன் அழுதிருக்கிறார். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் சொன்னார்கள். ராமநாதனின் அப்பா பட்சி லட்சுமண சாஸ்திரி, ராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர். அவர் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பி, பிள்ளைகளை எதிரில் வைத்துக்கொண்டே, ஒன்றும் அறியாத மனசுகளில் விஷத்தைக் கலக்காதீர்கள் என்றார். மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பள்ளியையும் இந்தத் தீவையும் விட்டுப் போய்விடுங்கள் என்றும் சொல்லிவிட்டார். ஆசிரியர் வருந்தினார், பிற்பாடு மனம் மாறியும் போனார்.

இன்னொன்று சமையற்கட்டில் நடந்தது. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒருநாள் கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி ஆசாரம் பார்க்கிறவர். மடியான சமையற்கட்டில் ஒரு முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மாட்டேன் என்றுவிட்டார். ஐயர் மனைவியைக் கோபித்துக்கொள்ளவில்லை. தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டார். அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது, அடுத்த வாரமும் வா என்றார் ஐயர். பையன் தயங்கியதைப் பார்த்து, ஒரு முறையை மாற்றுவது என்று இறங்கிவிட்டால் இதெல்லாம் வரத்தான் செய்யும் என்ற பொருளில் ஏதோ சொல்லித் தேற்றினார். அடுத்த வாரம் போனபோது அந்த அம்மாவே பையனை உள்ளே அழைத்துப்போய்த் தன் கையால் பரிமாறினார்.

என் கேள்வி இது. இதில் யாருடைய துணிச்சல் பெரிது? என்னைக் கேட்டால் ஐயர்தான். சாஸ்திரி ஊருக்குப் பெரியவர், அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. எதிரில் நின்றவர் புதிதாக வேலைக்கு வந்த இளைஞர். ஐயருக்கு அப்படி இல்லை. எதிர்ப்பு அடுப்படியிலேயே இருந்தது. பையன் கிளம்பிப் போன பிறகும் அவர் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

---

தங்கச்சிமடம் டீச்சர் எழுதியது:

பாம்பன் தம்பி, நீங்கள் சாஸ்திரியைச் சுலபமாகத் தள்ளிவிட்டீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

பெரிய மனிதருக்கு இழக்க ஒன்றுமில்லை என்கிறீர்கள். ஒரு தலைமை அர்ச்சகருக்கு ஊர் கொடுக்கும் மரியாதை எதனால் வருகிறது? ஆசாரத்தால். வடக்கே காசியிலிருந்து வருகிறவர்கூட அவர் கையால் தீர்த்தமும் பிரசாதமும் வாங்குவது அந்த நம்பிக்கையில்தான். தன் மகன் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று ஒரு வாத்தியார் அவருக்காகவே, அவர் கௌரவத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு செய்த காரியம் அது. சும்மா இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தனக்குச் சாதகமாகச் செய்யப்பட்ட அநியாயத்தை வேண்டாம் என்று திருப்பித் தருகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகளை எதிரில் வைத்துக்கொண்டு பேசினார் பாருங்கள், ஒரு ஆசிரியையாக எனக்கு அதுதான் பெரிது. வகுப்பில் ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் சிறுமைப்படுத்திவிட்டு, அப்புறம் தலைமையாசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சமாதானம் பேசுவதுதான் வழக்கம். பெற்றோருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவோம். பிள்ளைக்கு எதுவுமே தெரியாது. அவன் மனதில் கடைசி பெஞ்சு மட்டும் நிற்கும். சாஸ்திரி அப்படி விடவில்லை. அவமானம் நடந்தது பிள்ளைகள் கண்ணெதிரே, அதைத் துடைத்ததும் அவர்கள் கண்ணெதிரே.

---

தொண்டிக் கரை எழுதியது:

ஒரு சந்தேகம். சாஸ்திரியும் கலாமின் தகப்பனார் ஜைனுலாபுதீனும் நெருங்கிய சிநேகிதர்கள். மாலையில் இருவரும் உட்கார்ந்து ஆன்மீகம் பேசுவார்கள் என்று கலாமே சொல்லியிருக்கிறார். சீதா ராமர் கல்யாணத்துக்கு உற்சவ மூர்த்திகளை ராமர் தீர்த்தத்தின் நடுவே கொண்டுபோகப் படகு ஏற்பாடு செய்ததும் கலாமின் குடும்பம்தான். அப்படியிருக்க, சாஸ்திரி பேசியது சிநேகிதன் மகனுக்காக. அதை எப்படி ஊர்க் கட்டுப்பாட்டை எதிர்த்த துணிச்சல் என்று சொல்வது? முன்பின் தெரியாத ஒரு பையனாக இருந்தால் பேசியிருப்பாரா?

---

தங்கச்சிமடம் டீச்சர் எழுதியது:

பேசியிருப்பாரா என்பதற்கு நம் யாரிடமும் பதில் இல்லை. நடந்ததை வைத்துத்தான் பேச முடியும். ஆனால் சிநேகிதம் என்பதாலேயே அது சின்னதாகிவிடுமா? ராமேஸ்வரத்தில் அன்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக, இறுக்கமாகத்தான் இருந்தது என்று கலாமே சொல்கிறார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு அர்ச்சகரும் ஒரு படகுக்காரரும் தினமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததே நாலு பேர் வாய்க்கு ஆகாரம்தான். சிநேகிதத்தைத் திண்ணையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. காரியம் என்று வரும்போது தெருவுக்கு வருவதில்லை. இவர் வந்தார்.

---

கீழக்கரை மருமகள் எழுதியது:

இவ்வளவு நேரம் ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தலைப்பில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறாரே!

அந்த அம்மாவின் பேர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. விருந்தாளியைக் கூப்பிடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்ட மாதிரியும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அப்படியொரு வீட்டில் பெண்ணுக்கென்று இருந்த ஒரே இடம் அந்தச் சமையற்கட்டு. விடியக் குளித்து, ஈரப்புடவையோடு அடுப்பு மூட்டி, மடி குலையாமல் சமைத்து, சாமிக்குப் படைத்து, அதற்கப்புறம்தான் மனிதர்களுக்கு. சின்ன வயதிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்த நல்லது கெட்டது எல்லாம் அந்த நாலு சுவருக்குள்தான் இருந்தது. நம் பார்வைக்கு அது வெறும் தீண்டாமை. அவர் பார்வையில் அது தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு. அதை மீறினால் புருஷனுக்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று உள்ளூர நடுங்கியிருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்ணீர் எடுக்கும் இடத்தில் என்ன பேசுவார்கள் என்பதும் இருக்கிறது.

அந்தப் பயத்தோடுதான் அவர் அடுத்த வாரம் பையனை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். ஐயர் பரிமாறியது கூடத்தில் என்றால் அந்த அம்மா பரிமாறியது உள்ளே. கணவன் வற்புறுத்தியதாகவும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார், அவ்வளவுதான். நான் சோறு சாப்பிட்ட விதத்திலும் தண்ணீர் குடித்த விதத்திலும் சாப்பிட்ட இடத்தைத் துடைத்த விதத்திலும் ஏதாவது வித்தியாசம் கண்டாரோ என்று கலாம் பிற்காலத்தில் யோசித்திருக்கிறார். அந்த அம்மா தேடிப் பார்த்திருப்பார், ஒரு வித்தியாசமும் கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தன் கண்ணை நம்புவதா, தனக்குச் சொல்லிக்கொடுத்ததை நம்புவதா என்று ஒரு வாரம் அவர் தனக்குள்ளேயே மல்லுக்கட்டியிருக்க வேண்டும். அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

நானும் வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரு வீட்டின் அடுப்படி வழக்கத்தை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். என் ஓட்டு அந்த அம்மாவுக்கு.

---

வேதாளை இளைஞன் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்ததும் தோன்றியது. இரண்டாவது தடவை போன பையனை ஏன் யாரும் சொல்லவில்லை?

அவமானப்பட்ட இடத்துக்கே திரும்பப் போவது ரொம்பக் கஷ்டம். என்னைப் போன்ற ஒருவனை உள்ளே சேர்க்க மாட்டோம் என்று ஒரு வீடு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் அதே வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பெரியவர்கள் மூன்று பேருக்கும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள வசதி இருந்தது. மாற்றம் நடக்க வேண்டும் என்றால் அந்தப் பையன் கட்டாயம் போயே ஆக வேண்டும். அவன் வராமல் போயிருந்தால் அந்த அம்மா மனம் மாறியது யாருக்கும் தெரிந்திருக்காது.

---

கமுதிச் சாலை எழுதியது:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம்.

ராமேஸ்வரம் கதையை நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம், அதில் கடைசியில் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். ஆசிரியர் திருந்தினார், அம்மா பரிமாறினார். யார் பக்கமும் கேட்பவர் மனம் புண்படாது. இதே மாவட்டத்தில் 1957இல் நடந்ததை இப்படிக் கூடி உட்கார்ந்து பேசுகிறோமா?

இம்மானுவேல் சேகரன், முதுகுளத்தூர் பக்கம் செல்லூர்க்காரர், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர். 1942 போராட்டத்தில் இறங்கியவர், ராணுவத்தில் இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, எங்கள் ஆட்கள் தோளில் துண்டு போடக்கூடாது, செருப்புப் போட்டுத் தெருவில் நடக்கக்கூடாது, தனிக் குவளையில்தான் குடிக்க வேண்டும் என்றிருந்ததை எதிர்த்து நின்றார். 1957 செப்டம்பர் 10ஆம் தேதி கலெக்டர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் போட்டார். அதில் இவர் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயதுகூட நிறையவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துப் போனது 1939 ஜூலை 8. சென்னை மாகாணத்துக் கோயில்கள் எல்லாருக்கும் என்று சட்டம் வந்தது 1947இல். அதாவது, அந்த வகுப்பறையில் முதல் பெஞ்சுக்காக நியாயம் கேட்ட காலத்தில், பெஞ்சு வரைக்கும்கூட வர முடியாத பிள்ளைகள் இந்தக் கரையெல்லாம் இருந்தார்கள். சாஸ்திரி செய்ததை நான் சின்னதாகச் சொல்லவில்லை. எந்தத் துணிச்சலைக் கொண்டாடுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

---

நெறியாளர் எழுதியது:

கமுதிச் சாலை அவர்களின் பதிவு இருக்கட்டும், அதில் தவறு ஏதும் இல்லை. பதில் எழுதுகிறவர்கள் எந்தச் சாதியையும் ஒட்டுமொத்தமாகத் திட்டி எழுத வேண்டாம். அப்படி வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன்.

---

பாம்பன் வாசி எழுதியது:

கமுதி அண்ணன் சொன்னது சரியான அடி. நான் கேட்ட கேள்வியே கொஞ்சம் மாறிப்போகிறது. சாஸ்திரி, ஐயர், அந்த அம்மா மூன்று பேருமே மேலே இருந்துகொண்டு கீழே கை நீட்டியவர்கள். இம்மானுவேல் சேகரன் கீழே இருந்து எழுந்து நின்றவர். முன்னவர்களுக்கு ஊர்ப் பேச்சு, இவருக்கு உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கை நீட்டியவர்களின் எண்ணிக்கை அன்று இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால், எழுந்து நின்றவர் அப்படித் தனியாக நின்றிருக்க வேண்டியதில்லை.

---

வாலிநோக்கம் எழுதியது:

மதமும் சாதியும் பேசினீர்கள். எனக்கு எங்கள் கரையின் இன்னொரு ஒதுக்கலைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில், கூரைக் கொட்டகையில் தீ பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அதுபோன்ற காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பேற்றது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. இதெல்லாம் பேப்பரில் வந்தது.

பேப்பரில் வராதது, அந்த மனிதர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் யார் என்பது. அப்பா, அண்ணன், கட்டிய புருஷன். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு மனநோயாளி இருந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். இதற்குப் பயந்துதான் பாதிப் பேர் ராத்திரி பஸ்ஸில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது.

என் தாய்மாமாவுக்கும் இருபது சொச்சம் வயதில் இது வந்தது. தனியாகப் பேசுவார், ராத்திரியில் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார், அலைக்குள் இறங்கிவிடுவார். தாத்தாவும் பாட்டியும் போன பிறகு அவரை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. ஏர்வாடியில் விட்டுவிடலாம், மாசம் செலவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் தாரோம் என்றார்கள் சொந்தக்காரர்கள். என் பெரியம்மா மட்டும், எந்தம்பி எங்கிட்டயே இருக்கட்டும் என்று தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். பெரியப்பா கடலுக்குப் போகிறவர். அவர் ஒத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

பெரியம்மா தம்பியைக் கட்டிப் போடவில்லை. ராத்திரி கதவுக்குக் குறுக்கே பாயை விரித்து அவர் படுத்துக்கொள்வார். மாமா எழுந்தால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கி வருவார். தர்காவுக்கும் போவார், ஓதித் தண்ணீர் வாங்கி வருவார். மாத்திரையை நிறுத்தினதில்லை. இப்போது ஏர்வாடியில் தர்காவிலேயே மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள், வேண்டுதலும் மருந்தும் ஒன்றாக நடக்கிறது. அதையெல்லாம் அரசாங்கம் யோசிப்பதற்கு முன்னாலேயே பெரியம்மா தன்போக்கில் செய்துகொண்டிருந்தார்.

அதற்கு விலை இருந்தது. பெரியம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்த அக்காவைப் பார்க்க வந்தவர்கள், திண்ணையில் மாமா தனக்குத்தானே சிரிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் தகவலே இல்லை. இன்னொரு இடம் பேசி முடித்து, பூ வைக்கிற நாளில் கலைந்தது. ஊரில் பெரியம்மாவைப் பார்த்து, தம்பிக்காகப் பெத்த பிள்ளையைக் குழியில் தள்ளுகிறாள் என்றார்கள். கோயில் வாசலில் வைத்தே சொன்னார்கள். பெரியம்மா பதில் சொல்ல மாட்டார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார்.

---

தொண்டிக் கரை எழுதியது:

படித்து மனம் கனத்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பெரியம்மா தியாகி, சந்தேகமே இல்லை. ஆனால் விலை கொடுத்தது அவர் மட்டும் இல்லையே? அந்தப் பெண்களைக் கேட்டா முடிவு செய்தார்? ஐயர் வீட்டிலும் இதே கதைதான். முடிவு ஐயருடையது, இடிபட்டது அந்த அம்மா. ஒருவர் தன்னலம் பார்க்காமல் எடுக்கிற முடிவு அடுத்தவர் தலையில் விடியும்போது அதற்கு என்ன பேர்?

---

கீழக்கரை மருமகள் எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் குறி தப்புகிறது. அந்தப் பெண்களின் கல்யாணத்தைக் கலைத்தது பெரியம்மாவா? திண்ணையில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள்தானே? குற்றத்தைச் செய்தவர்களை விட்டுவிட்டு, அதைத் தாங்கிக்கொண்டவரிடம் கணக்குக் கேட்கிறோம். எப்போதும் இப்படித்தான் நடக்கிறது.

---

வாலிநோக்கம் எழுதியது:

தொண்டிக்காரர் கேட்டதில் தப்பில்லை. நானே அக்காவிடம் கேட்டிருக்கிறேன். மூத்த அக்காவுக்குக் கல்யாணம் ரொம்பத் தள்ளித்தான் நடந்தது. அந்த வருத்தம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அம்மா மேல் கோபமாக இருந்த காலம் உண்டு, பேசாமலே இருந்திருக்கிறேன் என்றார். 2001இல் அந்தச் செய்தி வந்த அன்று மாமா அடுப்படியில் உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அக்கா பேப்பரைப் படித்துவிட்டு எழுந்து போய் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்திருக்கிறார். அம்மாவிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். பெரியம்மா காலமான பிறகு மாமா இப்போது அக்கா வீட்டில்தான் இருக்கிறார். கட்டிக்கொண்ட அத்தான், முதல் நாளே மாமா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்.

---

புதிய உறுப்பினர் 2 எழுதியது:

வணக்கம். நான் படிக்கிறவன் மட்டும்தான், இதுவரை எழுதியதில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், என் அண்ணன். பின்கட்டில் வைத்திருக்கிறோம். பகலில் கால் கட்டியிருக்கும். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம், ஊருக்குத் தெரிந்துவிடும், போலீஸ் வரும் என்கிறார். தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கே போவது, யாரிடம் முதலில் பேசுவது? யாராவது சொல்லுங்கள்.

---

வாலிநோக்கம் எழுதியது:

தம்பி, எழுதியது நல்ல காரியம்.

முதலில் 14416க்குப் போன் பண்ணுங்கள், அது அரசு நடத்தும் மனநல உதவி எண். காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பேர் சொல்லாமலும் கேட்கலாம். அண்ணன் என்ன செய்கிறார், எப்போதிலிருந்து, தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, இதை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்புறம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டலாம். அண்ணன் வர மறுத்தால் முதல் தடவை வீட்டு ஆள் யாராவது போய்ப் பேசிவிட்டு வாருங்கள், எப்படி அழைத்து வருவது என்று அவர்களே சொல்வார்கள்.

கட்டி வைப்பது கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி அப்பாவைப் பயமுறுத்த வேண்டாம், அவர் ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறார். மாத்திரை பிடித்துவிட்டால் கட்டுவதற்கான தேவையே குறைந்துவிடும் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் மாமாவுக்குக் குறைந்தது.

எந்த ஊர் என்று இங்கே எழுத வேண்டாம், தனிச்செய்தியில் சொல்லுங்கள். அப்பாவிடம் பேச ஆள் வேண்டுமென்றால் நானும் எங்கள் அத்தானும் வாரோம். மாமாவையும் கூட்டி வரலாம், அவருக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரப் பிடிக்கும்.

---

தங்கச்சிமடம் டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் தங்கச்சி வரன் விஷயத்தையும் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். அண்ணனை மறைக்காமல் சொல்லியே பேசுவோம். அப்படிக் கேட்டும் சரி என்று சொல்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.